லைவ் ஏன் திக்குகிறது: ஓபிஎஸ் காட்டும் மூன்று எண்கள்

கேம் லைவ் நன்றாகப் போய்க்கொண்டிருக்கும். திடீரென்று சாட்டில் ஒருவர் "அண்ணா லேக் அடிக்குது" என்று எழுதுவார். ஒரு நிமிடத்தில் இன்னும் நாலு பேர் அதையே எழுதுவார்கள். லைவ் போடுகிறவர் உடனே நெட்டைத் திட்டுவார். மறுநாள் கேபிள்காரருக்குப் போன் பறக்கும். அடுத்த மாதம் பெரிய பிளானுக்கு மாறுவார். அதற்கும் சரியாகவில்லை என்றால் புது கிராஃபிக்ஸ் கார்டு என்ன விலை என்று விசாரிக்க ஆரம்பிப்பார்.

காசு செலவழிப்பதற்கு முன்னால் பார்க்க வேண்டியது ஒன்று இருக்கிறது. நம்மில் பெரும்பாலானோர் லைவுக்குப் பயன்படுத்துவது ஓபிஎஸ் ஸ்டுடியோ என்ற இலவச மென்பொருள். அதன் 'வியூ' மெனுவில் 'ஸ்டாட்ஸ்' என்று ஒரு ஜன்னல் உண்டு. படம் எந்த இடத்தில் தொலைகிறது என்பதை அது எண்ணிக்கையோடு சொல்லிவிடும். பலர் வருடக்கணக்காக லைவ் போட்டும் அதைத் திறந்ததே இல்லை.

அந்த எண்கள் புரிய வேண்டுமென்றால், உங்கள் விளையாட்டின் படம் பார்ப்பவரின் போனுக்குப் போகும் வழியைத் தெரிந்துகொள்ள வேண்டும். உங்கள் வீட்டுக்குள் மட்டும் அது மூன்று இடங்களைத் தாண்டுகிறது.

முதல் இடம் கிராஃபிக்ஸ் கார்டு. விளையாட்டின் படம், மூலையில் உங்கள் முகம் தெரியும் வெப்கேம், சேனல் பெயர், புதிதாக ஒருவர் சப்ஸ்கிரைப் செய்தால் குதிக்கும் அலர்ட் எல்லாவற்றையும் ஒட்டி ஒரே படமாக்க வேண்டும். இதற்குப் பெயர் ரெண்டரிங். இரண்டாவது, அந்தப் படத்தைச் சுருக்குவது. இது என்கோடிங். மூன்றாவது, சுருக்கியதை நெட்டில் ஏற்றி அனுப்புவது. வீடியோ என்பது வரிசையாக ஓடும் படங்கள், அதில் ஒரு படம்தான் ஒரு ஃப்ரேம். நொடிக்கு 60 ஃப்ரேம் என்றால் ஒரு ஃப்ரேமுக்குக் கிடைக்கும் நேரம் 16.7 மில்லிநொடி. அதற்குள் ஒரு இடம் தன் வேலையை முடிக்காவிட்டால் அந்த ஃப்ரேம் போச்சு.

சுருக்குவது எவ்வளவு பெரிய வேலை என்று ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 1080பி படம் என்றால் 1920 பெருக்கல் 1080, அதாவது 20,73,600 புள்ளிகள். ஒரு புள்ளிக்கு 24 பிட், நொடிக்கு 60 படம் என்று பெருக்கினால் சுமார் 300 கோடி பிட் வருகிறது. நீங்கள் யூடியூபுக்கோ ட்விட்சுக்கோ அனுப்புவது 6000 கேபிபிஎஸ் என்றால் அது நொடிக்கு வெறும் 60 லட்சம் பிட். ஐந்நூறில் ஒரு பங்கு. ஒவ்வொரு நொடியும் இந்தச் சுருக்கலைச் செய்துகொண்டே, அதே கம்ப்யூட்டர் விளையாட்டையும் ஓட்ட வேண்டும். திக்காமல் ஓடினால்தான் ஆச்சரியம்.

ஸ்டாட்ஸ் ஜன்னலில் இந்த மூன்று இடங்களுக்கும் தனித்தனி வரி இருக்கிறது. 'ரெண்டரிங் லேக்' என்ற வரியில் எண் ஏறினால் கிராஃபிக்ஸ் கார்டு மூச்சு வாங்குகிறது. 'என்கோடிங் லேக்' வரியில் ஏறினால் சுருக்கும் வேலை பின்தங்குகிறது. 'டிராப்டு ஃப்ரேம்ஸ், நெட்வொர்க்' என்ற வரியில் ஏறினால் மட்டுமே நெட்டைக் குறை சொல்லலாம். இந்த எண்கள் தொடக்கத்திலிருந்து கூட்டிக்கொண்டே வருபவை. அதனால் 2 சதவீதம் என்று காட்டினால் பதற வேண்டாம். அரை மணி நேரம் முன்னால் விளையாட்டு லோட் ஆனபோது விழுந்ததாக இருக்கலாம். 'ரீசெட்' பொத்தானை அழுத்திவிட்டு, படம் திக்கும் நேரத்தில் எந்த வரி ஏறுகிறது என்று பாருங்கள்.

இன்னொரு சோதனையும் உண்டு. லைவ் போகும்போதே ரெக்கார்டிங்கையும் ஓடவிடுங்கள். 'அவுட்புட்' அமைப்பில் ரெக்கார்டிங் தரத்தை 'சேம் அஸ் ஸ்ட்ரீம்' என்று வைத்தால், லைவுக்காகச் சுருக்கிய அதே படத்தைத்தான் ஓபிஎஸ் டிஸ்கிலும் எழுதும். கம்ப்யூட்டருக்குக் கூடுதல் சுமை கிட்டத்தட்ட இல்லை. லைவ் முடிந்ததும் அந்தக் கோப்பைப் போட்டுப் பாருங்கள். அது சுத்தமாக ஓடி, லைவ் மட்டும் திக்கியிருந்தால் கோளாறு நெட்டில். அதுவும் திக்கினால் கோளாறு உங்கள் மேசை மேலேயே இருக்கிறது, கேபிள்காரரை விட்டுவிடுங்கள். கோப்பு வகையை எம்கேவி என்று வைத்துக்கொள்வது நல்லது. பாதியில் கரண்ட் போனால் சாதாரண எம்பி4 கோப்பு திறக்காமலே போய்விடும், எம்கேவி அதுவரை பதிவானதைக் காப்பாற்றிக் கொடுக்கும்.

நெட்தான் காரணம் என்றால்

ஸ்பீட் டெஸ்ட் போட்டுப் பார்த்து 100 எம்பிபிஎஸ் வருகிறது என்பார்கள். அது டவுன்லோடு. லைவுக்கு வேண்டியது அப்லோடு. பல ஃபைபர் பிளான்களில் இரண்டும் ஒரே அளவில் கிடைக்கும். ஆனால் எல்லாவற்றிலும் அப்படி இல்லை. தெருமுனை வரை ஃபைபர், அங்கிருந்து வீட்டுக்குப் பழைய கேபிள் என்று இழுத்திருக்கும் இடங்களில் அப்லோடு நாலைந்து எம்பிபிஎஸ்ஸிலேயே நின்றுவிடுவது உண்டு. எனவே டெஸ்ட்டில் இரண்டாவது எண்ணைப் பாருங்கள். காலை பத்து மணிக்குப் பார்த்து ஒன்றும் ஆகப்போவதில்லை. நீங்கள் லைவ் போடுவது இரவு ஒன்பது மணிக்கு என்றால், தெருவே படம் பார்க்கும் அந்த நேரத்தில்தான் பார்க்க வேண்டும். லைவில் நொடிக்கு எத்தனை பிட் அனுப்புகிறீர்கள் என்பதுதான் பிட்ரேட். அப்போது வரும் அப்லோடில் முக்கால் பங்குக்கு மேல் அதை வைக்காதீர்கள். 8 எம்பிபிஎஸ், அதாவது 8000 கேபிபிஎஸ் வந்தால் 6000 கேபிபிஎஸ், 6 வந்தால் 4500. மீதிக் கால் பங்கு விளையாட்டுக்கும் டிஸ்கார்டு பேச்சுக்கும் வீட்டில் இருப்பவர்களுக்கும் வேண்டும்.

வேகம் இருந்தும் ஏன் ஃப்ரேம் விழுகிறது என்று கேட்பார்கள். லைவ் வீடியோ பெரும்பாலும் ஆர்டிஎம்பி என்ற முறையில் போகிறது. அது டிசிபி என்ற இணைய விதிமுறையின் மேல் ஓடுவது. வழியில் ஒரு துண்டு தொலைந்தால், அதைத் திரும்ப அனுப்பிச் சேர்ப்பித்த பிறகுதான் அடுத்தது கணக்கில் வரும். இரண்டு நொடி நெட் தடுமாறினால் பின்னால் வரும் ஃப்ரேம்கள் ஓபிஎஸ்ஸிலேயே தேங்கி நிற்கும். தேங்கியதை எல்லாம் அனுப்பிக்கொண்டிருந்தால் லைவ், லைவாக இருக்காது. விடியற்காலையில் மதுரை மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்டுக்கு வந்து சேர வேண்டிய மல்லிகை மதியம் வந்தால் யார் வாங்குவார்கள்? நேரம் தப்பிய ஃப்ரேமுக்கும் அதே கதிதான், ஓபிஎஸ் அதைத் தூக்கி எறிந்துவிடும். அந்த எண்ணிக்கைதான் 'டிராப்டு ஃப்ரேம்ஸ்'. ஆகவே சராசரி வேகத்தைவிட ஆட்டமில்லாத வேகம்தான் முக்கியம். 100 எம்பிபிஎஸ் வந்து அடிக்கடி ஒரு நொடி அறுந்துபோகும் இணைப்பைவிட, அசையாமல் நிற்கும் 10 எம்பிபிஎஸ் லைவுக்கு நல்லது.

ஆட்டத்துக்குப் பெரும்பாலும் காரணம் வைஃபை. அதிலும் 2.4 கிகாஹெர்ட்ஸ். அந்த அலைவரிசையில் ஒன்றோடொன்று மோதாத சேனல்கள் 1, 6, 11 என மூன்றே மூன்று. செல்லூர், வில்லாபுரம் மாதிரி வீட்டுச்சுவரோடு வீட்டுச்சுவர் ஒட்டி நிற்கும் தெருக்களில் போனில் வைஃபை பட்டியலைத் திறந்தால் பதினைந்து பெயர் தெரியும். எல்லாரும் அந்த மூன்றுக்குள்தான் அடித்துக்கொள்ள வேண்டும். கீழே ஹாலில் ரூட்டர், மேலே மாடி அறையில் கம்ப்யூட்டர் என்றால் கேட்கவே வேண்டாம். ஒரு லேன் கேபிள் இழுத்துவிடுங்கள். கேட்5இ என்ற வகை போதும். இந்தக் கட்டுரையில் சொல்லும் எல்லாவற்றிலும் குறைந்த செலவில் அதிகப் பலன் தருவது இதுதான் என்பேன். கேபிளுக்கு வழியே இல்லை என்றால் 5 கிகாஹெர்ட்ஸுக்கு மாறுங்கள். சுவரைத் தாண்டுவதில் அது கொஞ்சம் மந்தம், ஆனால் நெரிசல் குறைவு.

வீட்டுக்குள்ளும் பார்க்க வேண்டும். யாராவது கல்யாண வீடியோ மொத்தத்தையும் கூகுள் ஃபோட்டோஸில் ஏற்றிக்கொண்டிருப்பார்கள். அவர்களுக்கே அது தெரியாது, போன் வைஃபையைப் பார்த்ததும் தானாக ஏற்ற ஆரம்பித்திருக்கும். அதை நிறுத்தினாலே எண் ஏறுவது நின்றுபோன வீடுகள் உண்டு. லைவ் போடும்போது மட்டும் உங்கள் விளையாட்டின் பிங்கும், அதாவது சர்வருக்குப் போய்த் திரும்பும் நேரமும், எகிறுகிறது என்றால் அப்லோடு நிரம்பி வழிகிறது என்று அர்த்தம். விளையாட்டு அனுப்பும் குட்டித் துண்டுகளும் அதே வரிசையில் பின்னால்தானே நிற்க வேண்டும். பிட்ரேட்டைக் குறைத்தால் இரண்டும் சேர்ந்து சரியாகும்.

ஓபிஎஸ்ஸின் 'அட்வான்ஸ்டு' பகுதியில், நெரிசலுக்கு ஏற்ப பிட்ரேட்டைத் தானே மாற்றிக்கொள்ளும் வசதி இருக்கிறது. அதைப் போட்டுவைத்தால் நெட் தடுமாறும்போது ஃப்ரேமை எறிவதற்குப் பதிலாகப் படத்தின் தரத்தைக் கொஞ்ச நேரம் குறைக்கும். பார்ப்பவருக்குக் கொஞ்சம் மங்கலான படம், திக்கும் படத்தைவிட எவ்வளவோ மேல்.

உசிலம்பட்டி, மேலூர் பக்கத்துக் கிராமங்களில் மொபைல் நெட்டை வைத்துத்தான் லைவ் போகிறார்கள். அதற்கு 720பி, 30 ஃப்ரேம், 2500 கேபிபிஎஸ் என்று அடக்கமாக வையுங்கள். ஒலியையும் சேர்த்தால் ஒரு மணி நேரத்துக்குச் சுமார் 1.2 ஜிபி. நாளைக்கு 2 ஜிபி கிடைக்கும் பேக் ஒன்றே முக்கால் மணி நேரம்கூடத் தாங்காது. பேக் தீர்ந்ததும் வேகம் அடியோடு விழும். அதைத் தெரியாமல் ஓபிஎஸ் அமைப்புகளைக் குடைந்துகொண்டிருப்பவர்கள் உண்டு. ஹாட்ஸ்பாட்டைவிட யுஎஸ்பி கேபிளில் போனை இணைத்து டெதரிங் செய்வது மேல். நடுவில் ஒரு வைஃபை குறைகிறது, போனும் சார்ஜ் ஏறிக்கொண்டிருக்கும். சித்திரைத் திருவிழாவில் அழகர் ஆற்றில் இறங்கும் அன்று தல்லாகுளம், கோரிப்பாளையம் பக்கம் மொபைல் நெட்டை நம்பி லைவ் அறிவிக்காதீர்கள், அவ்வளவுதான் சொல்வேன்.

கம்ப்யூட்டர்தான் காரணம் என்றால்

ஆனையூரில் இருக்கும் என் சித்தி மகன் ஜிடிஏ 5 லைவ் போடுவான். ஜிடிஎக்ஸ் 1650 கார்டு வைத்த லேப்டாப். ஒருநாள் போன் செய்து, "அண்ணே, நெட் பிளானை 40 எம்பிபிஎஸ்-ல இருந்து 100-க்கு மாத்திட்டேண்ணே. இன்னும் அதே மாதிரித்தான் வெட்டுது" என்றான்.

"ஸ்டாட்ஸைத் திற. என்ன காட்டுது?"

"அது எங்கண்ணே இருக்கு?"

தேடித் திறந்து படம் எடுத்து அனுப்பினான். நெட்வொர்க் வரியில் சுத்தமான பூஜ்யம். என்கோடிங் வரியில் ஏதோ சில்லறை. ரெண்டரிங் லேக் மட்டும் 11 சதவீதத்துக்கு மேல். அதாவது பத்து ஃப்ரேமுக்கு ஒன்று என்ற கணக்கில், நெட் பக்கம் போவதற்கு முன்பே அவன் லேப்டாப்புக்குள்ளேயே செத்துக்கொண்டிருந்தது. அதற்கு மாதாமாதம் கூடுதல் வாடகை.

நடந்தது இதுதான். விளையாட்டில் ஃப்ரேமுக்கு வரம்பே வைக்காமல் விட்டிருந்தான். வரம்பு இல்லாத விளையாட்டு, கார்டு எவ்வளவு தருமோ அவ்வளவையும் உறிஞ்சும். விண்டோஸின் டாஸ்க் மேனேஜரில் ஜிபியூ, அதாவது கிராஃபிக்ஸ் கார்டு, 99 சதவீதத்தில் நிற்கும். படங்களை ஒட்டிக் கோர்க்க ஓபிஎஸ்ஸுக்கும் அதே கார்டுதான் வேண்டும், அதற்கு இடமே கிடைக்காது. இதில் ஏமாற்றும் விஷயம் என்னவென்றால், விளையாடுபவன் திரையில் எல்லாம் வழுவழுவென்று ஓடும். பார்ப்பவர்களுக்கு மட்டும் வெட்டும். அதனால்தான் எல்லாரும் நெட்டைச் சந்தேகப்படுகிறார்கள்.

விளையாட்டை 60 ஃப்ரேமில் நிறுத்தச் சொன்னேன். ஓபிஎஸ்ஸை மூடிவிட்டு, அதன்மேல் ரைட் கிளிக் செய்து 'ரன் அஸ் அட்மினிஸ்ட்ரேட்டர்' கொடுத்துத் திறக்கச் சொன்னேன். அப்படித் திறந்தால் கிராஃபிக்ஸ் கார்டில் ஓபிஎஸ்ஸுக்கு விண்டோஸ் முன்னுரிமை தரும். ரீசெட் அழுத்திவிட்டு அரை மணி நேரம் ஓட்டினான். எண் அசையவில்லை. "அப்ப பழைய பிளானுக்கே மாறிரவாண்ணே?" என்றான். மாறிவிட்டான்.

60 ஃப்ரேம் போதாது, வாலரன்ட் மாதிரிப் போட்டி விளையாட்டில் 144 வேண்டும் என்பவர்கள் வரம்பை 144 இல் வையுங்கள். கூடவே நிழல், புல், தூரக் காட்சி போன்ற கிராஃபிக்ஸ் அமைப்புகளை இறக்குங்கள். ஜிபியூ 90 சதவீதத்துக்குக் கீழே இருக்க வேண்டும், அதுதான் இலக்கு. பத்து அலர்ட், ஆடும் பார்டர், மூன்று பிரவுசர் சோர்ஸ் என்று காட்சியை ஜோடித்து வைத்திருந்தால் அவற்றையும் ஒவ்வொன்றாக அணைத்துப் பாருங்கள். பிரவுசர் சோர்ஸ் ஒவ்வொன்றும் பின்னால் ஓடும் ஒரு குட்டி பிரவுசர்.

அடுத்தது என்கோடிங். இது தடுமாறினால் ஓபிஎஸ் தானே கீழே 'என்கோடிங் ஓவர்லோடட்' என்று எச்சரிக்கை காட்டும். சுருக்கும் வேலையை யார் செய்கிறார்கள் என்று முதலில் பாருங்கள். 'எக்ஸ்264' என்று இருந்தால் சிபியூ செய்கிறது. விளையாட்டுக்கும் சிபியூ வேண்டும், இதற்கும் வேண்டும். நாலு கோர் உள்ள பழைய கம்ப்யூட்டரில் இது நடக்காத காரியம். என்விடியா கார்டு இருந்தால் 'என்வென்க்', இன்டெல் சிபியூவில் உள்ளேயே கிராஃபிக்ஸ் இருந்தால் 'குவிக் சிங்க்', ஏஎம்டி கார்டு என்றால் அதற்கான என்கோடரைத் தேர்ந்தெடுங்கள். இவை சுருக்குவதற்கென்றே சிலிக்கானில் தனியாக ஒதுக்கிய பகுதிகள். விளையாட்டின் வேகத்தை அவ்வளவாகத் தொடாது.

ஆனால் எல்லாக் கார்டிலும் அந்தப் பகுதி கிடையாது. செகண்ட் ஹேண்டில் மலிவாகக் கிடைக்கும் ஜிடி 1030 இல் என்வென்க் இல்லை. ஏஎம்டியின் ஆர்எக்ஸ் 6400, 6500 எக்ஸ்டி இரண்டிலும் என்கோடர் இல்லை. லைவுக்கென்று கார்டு வாங்குகிறவர்கள் கடையில் இதைக் கேட்டுவிட்டு வாங்குங்கள். கேம் ஓடுமா என்று மட்டும் கேட்டால் ஓடும் என்றுதான் சொல்வார்கள். பொய் இல்லை, ஓடத்தான் செய்யும்.

எக்ஸ்264 தான் வழி என்று ஆகிவிட்டால், சுருக்கும் வேகத்தைத் தீர்மானிக்கும் ப்ரீசெட்டை 'வெரிஃபாஸ்ட்' இல் வையுங்கள், அதற்கும் திணறினால் 'சூப்பர்ஃபாஸ்ட்'. 'ஸ்லோ' என்றால் தரம் கூடும் என்று படித்துவிட்டு அதைப் போடாதீர்கள், வீட்டுக் கம்ப்யூட்டர் விளையாடிக்கொண்டே அதைத் தாங்காது. என்வென்க்கில் தடுமாற்றம் வந்தால் 'லுக் அஹெட்', 'சைக்கோ விஷுவல் ட்யூனிங்' இரண்டையும் அணைத்துப் பாருங்கள். இரண்டும் விளையாட்டுக்கு வேண்டிய கார்டு நேரத்திலிருந்துதான் கொஞ்சம் எடுத்துக்கொள்கின்றன.

முதல் இருபது நிமிடம் பிரமாதமாக ஓடி, அப்புறம் திக்க ஆரம்பிக்கும் லைவ் ஒரு தனி ரகம். எந்த அமைப்பை மாற்றினாலும் சரியாகாது. காரணம் சூடு. லேப்டாப் சிபியூ 95, 100 டிகிரியைத் தொடும்போது தன்னைக் காப்பாற்றிக்கொள்ளத் தானே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். மதுரையில் கத்திரி வெயில் காலத்தில் மொட்டை மாடி அறை இரவு பத்து மணிக்கும் கொதித்துக்கொண்டிருக்கும். பகல் முழுக்க வாங்கிய வெயிலைத் தளம் அப்போதுதான் உள்ளே இறக்கும். அந்தக் காற்றைத்தான் லேப்டாப் ஃபேன் உறிஞ்சுகிறது, அதை வைத்து எதைக் குளிர்விக்க? டிசம்பரில் ஓடிய அதே அமைப்பு மே மாதத்தில் ஓடாமல் போவதன் ரகசியம் இவ்வளவுதான். எச்டபிள்யூஇன்ஃபோ என்ற இலவச மென்பொருளைப் போட்டால் சூட்டையும், வேகம் குறைக்கப்பட்டதா என்பதையும் காட்டும்.

லேப்டாப்பை மெத்தையிலிருந்து எடுத்து மேசையில் வைத்து, பின்பக்கம் ஒரு அங்குலம் தூக்கிவிடுங்கள். ஃபேனில் அடைந்த தூசியைத் தட்டச் சொல்லுங்கள். விண்டோஸ் பவர் அமைப்பில் சிபியூவின் உச்ச நிலையை 100 இலிருந்து 99 சதவீதமாக வைத்தால் பெரும்பாலான லேப்டாப்களில் டர்போ வேகம் அணையும். கொஞ்சம் வேகம் போகும், சூடு நன்றாகவே இறங்கும். முடிந்தால் வெயில் மாதங்களில் மட்டும் கீழ் அறைக்கு இறங்கி வந்துவிடுங்கள், அம்மா சீரியல் பார்த்து முடித்த பிறகு.

கரண்ட் விஷயத்தையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். கரண்ட் போனாலும் லேப்டாப்பில் பேட்டரி இருக்கிறதே என்று தைரியமாக இருப்பார்கள். பேட்டரியில் ஓடும்போது கேமிங் லேப்டாப் தன் வேகத்தைப் பாதிக்குக்கூட இறக்கிவிடும், ரெண்டரிங் லேக் உடனே ஏறும். ரூட்டருக்கு மினி யுபிஎஸ் வாங்குகிறவர்கள் அடாப்டரில் எழுதியிருக்கும் வோல்ட் அளவைப் பார்த்து வாங்குங்கள், பெரும்பாலும் 12 வோல்ட். தெருவில் கேபிள்காரரின் பெட்டிக்குப் பேக்கப் இல்லை என்றால் உங்கள் ரூட்டரில் மட்டும் விளக்கு எரிந்து புண்ணியமில்லை. அவரிடம் முதலில் கேட்டுக்கொள்ளுங்கள்.

மூன்று வரியும் பூஜ்யம், ஆனாலும் படம் அசிங்கம்

திக்கவில்லை. ஒரு ஃப்ரேமும் விழவில்லை. ஆனால் ஓடும்போதெல்லாம் படம் கட்டம் கட்டமாகக் கரைகிறது. இது பழுதே இல்லை, கொடுத்த பிட்ரேட் போதவில்லை.

வீடியோ சுருக்கம் ஒவ்வொரு படத்தையும் முழுதாக அனுப்புவதில்லை. முந்தைய படத்திலிருந்து என்ன மாறியது, எது எங்கே நகர்ந்தது என்பதைத்தான் பெரும்பாலும் அனுப்புகிறது. செஸ் லைவில் பலகை அசையாது, ஒரு காய் நகரும். அதற்கு 2000 கேபிபிஎஸ்ஸே தாராளம். வாலரன்ட்டில் வழுவழுப்பான சுவர்கள், அதுவும் பரவாயில்லை. மைன்கிராஃப்டில் காட்டுக்குள் ஓடினாலோ ஜிடிஏவில் மழையில் பைக் ஓட்டினாலோ திரையின் ஒவ்வொரு புள்ளியும் ஒவ்வொரு ஃப்ரேமிலும் மாறுகிறது. இலை, புல், மழைத்துளி, புகை எல்லாம் என்கோடருக்கு எமன். கொடுத்த பிட்டுக்குள் அடக்க முடியாமல் நுணுக்கத்தைத் துடைத்துவிட்டுக் கட்டம் போட்டு ஒப்பேற்றும்.

இங்கேதான் 1080பி மோகம் கெடுக்கிறது. 4500 கேபிபிஎஸ்ஸில் 1080பி 60 அனுப்பினால் ஒரு புள்ளிக்குக் கிடைப்பது 0.036 பிட். அதே 4500 இல் 720பி 60 அனுப்பினால் 0.081 பிட், இரண்டு மடங்குக்கும் மேல். ஓட்டமும் சண்டையும் உள்ள விளையாட்டில் இந்த 720பி தான் அழகாகத் தெரியும். நம் ஊர் லைவ் பார்க்கிறவர்களில் எத்தனை பேர் டிவியில் பார்க்கிறார்கள்? பஸ்ஸில், கடையில், படுக்கையில், எல்லாம் போன்தான். ஆறு அங்குலத் திரையில் 720பியா 1080பியா என்று எவரும் கேட்பதில்லை. கட்டம் கட்டமாகத் தெரிந்தால் எல்லாரும் கேட்பார்கள். 720பி என்று போடக் கூச்சப்படுவதில் ஒரு அர்த்தமும் இல்லை.

ட்விட்ச் 1080பி 60 க்கு வெகுகாலமாகச் சொல்லிவந்தது 6000 கேபிபிஎஸ். யூடியூப் அதைவிடத் தாராளம், வழக்கமான எச்.264 முறையில் 1080பி 60 க்கு 12 எம்பிபிஎஸ் வரை பரிந்துரைக்கிறது. இரண்டிலும் 'ரேட் கன்ட்ரோல்' சிபிஆர் ஆகவும் (பிட்ரேட்டை ஒரே அளவில் நிறுத்துவது), 'கீஃப்ரேம் இன்டர்வல்' 2 நொடியாகவும் (முழுப் படம் ஒன்றை அனுப்பும் இடைவெளி) இருக்கட்டும். கீஃப்ரேமை 0 என்று விட்டால் ஓபிஎஸ் தன் இஷ்டத்துக்கு வைத்துக்கொள்ளும், யூடியூப் கண்ட்ரோல் ரூமில் மஞ்சள் எச்சரிக்கை வரும்.

நல்ல அப்லோடு இருப்பவர்களுக்கு யூடியூபில் ஒரு சூட்சுமம் உண்டு. யூடியூப் உங்கள் வீடியோவை மறுபடி தன் பங்குக்குச் சுருக்கித்தான் பார்ப்பவர்களுக்கு அனுப்புகிறது. 1440பி ஆக அனுப்பினால், சிறிய சேனலாக இருந்தாலும் அது விபி9 என்ற மேலான சுருக்கத்தைக் கொடுப்பது வழக்கம். அதனால் 1080பியில் விளையாடி, ஓபிஎஸ்ஸில் 1440பியாகப் பெரிதாக்கி அனுப்புகிறவர்கள் இருக்கிறார்கள். வேலை செய்யும், ஆனால் என்கோடருக்கும் கார்டுக்கும் சுமை கூடும். மேலே சொன்ன மூன்று வரியும் பூஜ்யமாக இருப்பவர்கள் மட்டும் முயலுங்கள்.

எழுத்துகள் மட்டும் மங்கலாகத் தெரிந்தால் பிட்ரேட்டைத் தொட வேண்டாம். 'வீடியோ' அமைப்பில் 'டவுன்ஸ்கேல் ஃபில்டர்' என்ன என்று பாருங்கள். 'பைலீனியர்' இருந்தால் 'லான்க்சோஸ்' ஆக்குங்கள்.

லேப்டாப்காரர்களுக்கு வரும் இன்னொரு தொல்லை கறுப்புத் திரை. ஒலி வருகிறது, படம் இல்லை. பல லேப்டாப்களில் இரண்டு கிராஃபிக்ஸ் இருக்கும், சிபியூவோடு சேர்ந்த ஒன்று, தனிக் கார்டு ஒன்று. விளையாட்டு ஒன்றிலும் ஓபிஎஸ் இன்னொன்றிலும் ஓடினால் 'கேம் கேப்சர்' எதையும் பிடிக்காது. விண்டோஸ் 'டிஸ்ப்ளே' அமைப்பில் 'கிராஃபிக்ஸ்' பகுதிக்குப் போய் ஓபிஎஸ்ஸைச் சேர்த்து, விளையாட்டு ஓடும் கார்டையே அதற்கும் கொடுங்கள். முழுத் திரையையும் பிடிக்கும் 'டிஸ்ப்ளே கேப்சர்' கறுப்பாக இருந்தால், அதன் பண்புகளில் பிடிக்கும் முறையை 'விண்டோஸ் 10' என்று இருப்பதற்கு மாற்றுங்கள்.

சாட்டில் ஒரே ஒருவர் மட்டும் லேக் என்கிறார், மற்றவர்கள் வாயே திறக்கவில்லை என்றால் அது அவர் பக்கத்து நெட். அவரைத் தரத்தை 360பிக்குக் குறைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். யூடியூப் அமைப்பில் தாமதத்தை 'அல்ட்ரா லோ' என்று வைத்திருந்தாலும் இப்படி வரும். பார்ப்பவரின் போன் முன்கூட்டி எடுத்து வைத்துக்கொள்ளும் வீடியோ அதில் மிகக் குறைவு, அவர் நெட் கொஞ்சம் ஆடினாலே சுற்ற ஆரம்பிக்கும். சாட்டோடு நொடிக்கு நொடி பேசிக்கொண்டு விளையாடுகிறவர் இல்லையென்றால் 'லோ' அல்லது 'நார்மல்' போதும்.

எதை மாற்றினாலும் ஒன்றை மட்டும் மாற்றி, ரீசெட் அழுத்தி, பத்து நிமிடம் ஓட்டிப் பாருங்கள். இதற்கு நேயர்களைப் பலிகொடுக்க வேண்டாம். யூடியூபில் 'அன்லிஸ்டட்' என்று ஒரு லைவ் திறந்து தனியாக விளையாடிப் பார்க்கலாம். ட்விட்ச்சுக்கு ஓபிஎஸ்ஸின் 'ஸ்ட்ரீம்' பகுதியிலேயே 'பேண்ட்விட்த் டெஸ்ட் மோட்' இருக்கிறது, அதைப் போட்டால் லைவ் யாருக்கும் தெரியாமல் போகும். அப்போதும் பிடிபடவில்லை என்றால் ஓபிஎஸ்ஸின் 'ஹெல்ப்' மெனுவில் 'லாக் ஃபைல்ஸ்' இருக்கிறது. எந்த கார்டு, எந்த என்கோடர், எத்தனை ஃப்ரேம் எங்கே விழுந்தது எல்லாம் அதில் எழுதியிருக்கும். விவரம் தெரிந்தவரிடம் உதவி கேட்கும்போது, "லேக் அடிக்குது" என்று மட்டும் சொல்லாமல் அந்தக் கோப்பையும் சேர்த்து அனுப்புங்கள்.